ஓய்வு பெற்றோரும் ஓயாப் பணியும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். வரலாற்றுத் துறையில் இருந்தவன் ஆதலால், கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பற்றியோ பாரமகாலைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். கோட்டை எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டும் அது மலைமேல்தான் இருக்கும். அதனினும் விரைவாக மறைந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. உங்களுக்கு முன் இங்கே படித்தவர்களுக்குச் சிலர் பாடம் நடத்தினார்கள். சிலர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கினார்கள். சிலர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதினார்கள். பணி நிறைவுக்குப் பின் அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள்? மாணவ நண்பர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்கும் வயதும் உங்களுக்கு இல்லை. ஆயினும் இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பணி நிறைவுப் பாராட்டு விழாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்தன மாலை, பொன்னாடை, அரை மணி நேரத்துக்குக் குறையாத வாழ்த்துரைகள், இறுதியில் ஒரு நினைவுப் பரிசு. பெரும்பாலும் அது கடிகாரமாகவே இருக்கும். மணிக்கொரு தரம் மணியடித்த வாழ்க்கையை விட்டுப் போகிறவருக்குக் கடிகாரம் எதற்கு என்று எவரும் யோசிப்பதில்லை. ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை இருப்பதால் நம் பக்கத்தில் இவ்வழக்கம் சற்று அதிகமோ என்னவோ. தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் ஓய்வு வயது 58 என்றிருந்தது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. அந்த வயதில் வீட்டுக்கு வருகிறவருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்வு இருக்கக்கூடும். ஒரு மாணவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, முனைவர் பட்டம் வரை படித்து முடிக்கும் காலம் அது.

உணவுக்குக் குறைவில்லை. ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கித் தரும் கொடை அன்று, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதனால்தான் அந்நாள் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்தவர்களின் நிலை வேறு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. வயிற்றுக்கு வழி இருந்தும் மனிதர் வாடிப்போவதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முன்பெல்லாம் ஓய்வூதியர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை கருவூலத்துக்கு நேரில் சென்று, தாம் உயிருடன் இருப்பதைக் காட்டி வரவேண்டும். நேர்காணல் என்று அதற்குப் பெயர். வெயிலில் நிற்க வேண்டியிருந்தது, கால் வலித்தது, எல்லாரும் குறைபட்டுக்கொண்டோம். ஆனால் அந்த வரிசையில்தான் பத்தாண்டுகளாகப் பாராத இயற்பியல் ஆசிரியரைப் பார்த்தோம். இன்னார் தவறிவிட்டார், இன்னாருக்குக் கண் அறுவை ஆயிற்று என்று அறிந்தோம். 2014-இல் மின்னணு உயிர்வாழ் சான்று வந்தது. 2022 முதல் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் என்று தமிழக அரசு மாற்றியது. இரண்டும் முதியோருக்கு நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆயின் வரிசை கரைந்தது. வரிசையில் நடந்த சந்திப்பும் கரைந்தது. அரசாங்கக் கணக்கில் இந்த இழப்பை எழுதுவதற்குப் பத்தி இல்லை.

அரசு கலைக்கல்லூரி ஆசிரியர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறவர் ஒரே வளாகத்தில் முப்பதாண்டு இருந்துவிடலாம். ஓய்வு பெற்றபின்னும் மாலையில் அதே மரநிழலில் நடக்கலாம். அதே நூலகத்தில் அமரலாம். நாங்களோ மாறுதல் ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். சேலத்தில் நான்கு ஆண்டு, தருமபுரியில் ஆறு, கிருஷ்ணகிரியில் எட்டு என்று துண்டு துண்டாய்ப் போன வாழ்வு. எந்தக் கல்லூரி எம் கல்லூரி என்று கேட்டால் உடனே விடை வராது. ஓசூரின் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1980-களில் மொபெட்டும் லாரியும் கடிகாரமும் செய்யும் ஆலைகள் அங்கே எழுந்தபின், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். பெங்களூரில் வேலை பார்ப்போரும் எல்லையைத் தாண்டி ஓசூரில் குடியேறினார்கள். அவர்களோடு வாழ வந்த பெற்றோருள் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் பலர். திருநெல்வேலியில் முப்பதாண்டு வேதியியல் கற்பித்தவர், ஓசூர் அடுக்ககத்தில் நான்காம் மாடியில், ‘பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும் தாத்தா’ என்று மட்டுமே அறியப்படுகிறார். பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தெலுங்கு, கீழ் வீட்டில் இந்தி. அவர் யாரிடம் பேசுவார்?

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எங்கள் பழைய ஆசிரியர் குழுவில் காலை ஐந்து மணிக்கே தாமரைப் பூவும் வணக்கமும் வந்துவிடும். நான் அதை இகழ மாட்டேன். இறப்புச் செய்தி முதலில் வருவது அதில்தான். ஆனால் இருநூறு பேர் வணக்கம் சொல்லும் இடத்தில் ஒருவர் மூன்று மாதம் மௌனமாக இருந்தால் எவரும் கவனிப்பதில்லை. ஏழு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடத்தில் ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கே வேலை நிற்கிறது. அவர் வீட்டுக் கதவை யாராவது தட்டுகிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான். ஓய்வு பெற்ற கல்வியாளர்களைப் பிணைத்து வைப்பது பொதுவான ஒரு வேலையே. அந்த வேலை அவர்களுக்கு வேண்டியதாக இருந்தால் போதாது. அந்த வேலைக்கு அவர்கள் வேண்டியவர்களாக இருத்தல் வேண்டும்.

இதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் தொரு மத்சுயியுடன் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எல்லாம் எண்ணித் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். கணிப்பொறி எளிதில் கிடைக்காத காலத்தில் அது எத்தகைய உழைப்பு என்பதைக் கல்வெட்டு படித்தவரே அறிவர். ஒருவர் தோக்கியோவில், ஒருவர் தமிழ்நாட்டில். இருவரும் தத்தம் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் கூட்டு முறியவில்லை. 2014-இல் கராஷிமா பதிப்பித்த தென்னிந்திய வரலாற்று நூலிலும் சுப்பராயலுவின் எழுத்து இருக்கிறது. மறு ஆண்டு கராஷிமா மறைந்தார். முப்பத்தாறு ஆண்டு நட்பைக் காத்தது பெயர்ப்பட்டியல் என்றால் சிரிப்பாகத் தோன்றும், உண்மை அதுவே.

நம் மாவட்டத்துக்கே வருவோம். பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை என்ற இடம் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் 2003-இல் அங்கே அகழ்ந்து பார்த்தவர். பின்னர்த் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-இல் மீண்டும் அகழ்ந்தது. அங்கே இரும்போடு கிடைத்த கரிமப் பொருளைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 2172 என்ற காலம் கிடைத்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அதை அறிவித்தார். நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் இரும்பு புழங்கியது என்பது அதன் பொருள். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் அதனினும் ஆயிரம் ஆண்டு முற்பட்ட காலம் கிடைத்திருப்பதைக் கூறும் அறிக்கை வெளிவந்தது. அதை இரா. சிவானந்தத்துடன் சேர்ந்து எழுதியவரும் ராஜன்தான். அப்போது அவர் புதுவைப் பல்கலைக்கழகப் பணியை முடித்து, தொல்லியல் துறைக்கு ஆலோசகராக இருந்தார். ஓர் இடத்தை 2003-இல் பார்த்த கண் 2022 வரை அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இடையில் வயது கூடியது, கண் மாறவில்லை.

ஈரோட்டில் புலவர் செ. இராசு இருந்தார். தமிழ்ப் பல்கலைக்கழகக் கல்வெட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பின்னும், 2023-இல் மறையும் வரை, கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் தேடிப் பதிப்பித்தார். நம் எல்லைக்கு அப்பால், கூப்பிடு தொலைவில், குப்பம் இருக்கிறது. 1997-இல் அங்கே திராவிடப் பல்கலைக்கழகம் எழுவதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர் வ. அய். சுப்பிரமணியம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்து 1986-இல் விலகியவர். குப்பத்தின் வேலையில் இறங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கல்வி நிலையத்தார் அல்லர் எனினும், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியையும் சொல்லிவிடலாம். 1954-இல் முதலமைச்சர் பதவியை விட்டிறங்கிய பின் இராமாயணத்தைக் கல்கி இதழில் எழுதினார். 1958-இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. எண்பதாம் வயதில் ஒரு கட்சியையும் தொடங்கினார். அந்த அளவுக்கு எங்களால் ஆகாது.

இவர்கள் எல்லாம் பெரியோர். சாதாரணக் கல்லூரி ஆசிரியர் என்ன செய்வது? பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கு ஓர் உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்தது. மாதம் 50,000 ரூபாய், மூன்றாண்டு. நல்ல திட்டம்தான்; ஆனால் நாடு முழுமைக்கும் 100 இடங்கள். ஆய்வேடுகள் பல நெறிப்படுத்தியவருக்கே அதில் வாய்ப்பு. காலை மாலை என இரு சுழற்சியிலும் இளங்கலை வகுப்பு எடுத்தே காலம் கழித்தவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ஆய்வுக்கூட உதவியாளருக்கும் அலுவலகக் கண்காணிப்பாளருக்கும் எந்தத் திட்டமும் இல்லை.

மேனாட்டில் இதற்கு வேறு வழி கண்டார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் 1973-இல் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ ஒன்று தோன்றியது. அங்கே பல்கலைக்கழகம் முதியோருக்கு வகுப்பு நடத்தியது. 1980-களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குப் போனபோது, பீட்டர் லாஸ்லெட் என்ற கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியரும் அவருடைய நண்பர்களும் அதைத் தலைகீழாக்கினார்கள். பட்டம் இல்லை, தேர்வு இல்லை, சம்பளம் வாங்கும் ஆசிரியர் இல்லை. உறுப்பினரே உறுப்பினருக்குக் கற்பிக்க வேண்டும்; இன்று சொல்லிக் கொடுப்பவர் நாளை மாணவராக உட்கார வேண்டும். படித்தபோது எளிதாகத் தோன்றிய இவ்விதி, நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பதைப் பின்னால் கண்டோம்.

இனி எங்கள் கதை. என்னோடு பணியாற்றிய ஒருவர் இராயக்கோட்டை, சூளகிரிப் பக்கத்து ஊர்களில் முப்பதாண்டாக நடுகற்களையும் கோயில் எழுத்துகளையும் பார்த்துப் படியெடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மிதிவண்டி, பின்னர் மொபெட். அவர் காலமான பின் வெளியூரில் இருந்த பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தார்கள். தாள்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. எங்களுக்குச் செய்தி எட்டியபோது இரண்டு நோட்டுகளே எஞ்சியிருந்தன. பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. அத்தாள்களில் என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அவர் எழுதிய நடுகற்களுள் சில இன்று சாலை விரிவாக்கத்தில் இடம் பெயர்ந்துவிட்டன. எடை போட்டுப் போனது எத்தனை கிலோ என்பதைக் கடைக்காரரே மறந்துவிட்டார்.

அதன்பின் பழையபேட்டையில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் ஏழு பேர் கூடினோம். தாவரவியல் ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், தமிழ்ப் பேராசிரியை ஒருவர், நூலகர், வீட்டில் தெலுங்கு பேசும் அலுவலகக் கண்காணிப்பாளர், காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஆய்வுக்கூட உதவியாளர், நான். என்ன வேலை செய்வது என்பதற்கே மூன்று கூட்டம் ஆயிற்று. சங்கம் பதிவு செய்யலாம், தலைவர் செயலாளர் வைக்கலாம் என்றார் ஒருவர்; அப்படி வைத்திருந்தால் இந்நேரம் தேர்தல் நடத்திப் பிரிந்திருப்போம். இறுதியில் சொல் சேகரிப்பது என்று முடிவாயிற்று. கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி செய்தார். 2000-இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். அவரும் அரசு கலைக்கல்லூரித் தமிழாசிரியர் என்பது எங்களுக்குத் தெம்பு தந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் நம் எல்லைப் பகுதிக்கும் அப்படி ஒன்று வேண்டும் அல்லவா?

வேலை இப்படி நடக்கிறது. மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணி. ஒவ்வொருவரும் பத்துச் சொற்களாவது கொண்டுவர வேண்டும். சொல், பொருள், சொன்னவர் ஊர், அவர் வீட்டு மொழி, கேட்ட நாள் என ஐந்து பத்திகள். கேழ்வரகுக் களி இவ்வூரில் தமிழ் வீட்டில் களி, தெலுங்கு வீட்டில் சங்கடி, கன்னட வீட்டில் முத்தே. கொள்ளு, உலவலு, ஹுருளி, மூன்றும் ஒன்றே. கேழ்வரகு விதைக்கும்போது ஊடே அவரை, ஆமணக்கு என வரிசை விட்டு விதைப்பார்கள். அதற்குக் கன்னட உழவர் ‘அக்கடி சாலு’ என்பர். மாங்காய் மண்டியில் பெங்களூரா என்று எழுதுவதைத் தோப்பில் கிளிமூக்கு என்பார்கள். மற்ற ஊரில் தோத்தாபுரி. சொல்லைத் தொட்டால் பயிர் வருகிறது, பயிரைத் தொட்டால் வரலாறு வருகிறது. அதனால்தான் ஏழு பேரும் தேவைப்படுகிறார்கள்.

முதல் சில மாதங்கள் பேராசிரியர்களாகிய நாங்களே பேசிக்கொண்டிருந்தோம். ஐம்பது நிமிடம் இடைவிடாமல் பேசிப் பழகிய நாக்கு அடங்க நாளாகும். ஆய்வுக்கூட உதவியாளரோ எங்கள் எதிரே நாற்காலியில் உட்காரவே தயங்கினார். ‘ஐயா, இருக்கட்டுங்க’ என்று தூணோரம் நின்றார். நூலகர் ஒரு நாள் குறிப்பேட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, இனி எழுதுவது நீங்கள் என்று உட்கார வைத்தார். இன்றைக்கு நான்கு குறிப்பேடுகளில் பாதிக்கு மேல் அவர் கொண்டுவந்த சொற்கள். தாவரவியல் ஆசிரியர் அவரிடம் பாடம் கேட்கிறார்.

அந்தத் தாவரவியல் ஆசிரியர் மனைவியை இழந்தபோது நான்கு மாதம் வெளியே வரவில்லை. நாங்கள் தொலைபேசியில் ஆறுதல் சொன்னோம். ‘சரி, சரி’ என்று வைத்துவிடுவார். உதவியாளர் ஒருநாள் ஆறுதல் ஏதும் சொல்லாமல், ஒரு கொப்பை ஒடித்து எடுத்துக்கொண்டு போய், ‘இது செந்தூராவா, வேறா? தோப்பில் ஆளுக்கொரு பேர் சொல்லுறாங்க, எழுத முடியல’ என்று கேட்டாராம். பேராசிரியர் கண்ணாடியைத் தேடி எடுத்து இலையைப் பார்த்தார். காய் வந்தபின் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். காய் வரும் பருவத்தில் தோப்புக்கே போய்விட்டார்.

தமிழ்ப் பேராசிரியை ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஓய்வு என்ற சொல் பெண்களுக்குப் பொருந்துவதே இல்லை என்பது என் கருத்து. கல்லூரி வேலை நின்றதும் வீட்டு வேலை இருமடங்காகிறது. பேரப்பிள்ளை, மருமகளின் அலுவலக நேரம், உறவினர் விசேடம். ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்து போவது மாதம் தவறாமல் முடிவதில்லை. ஆகவே ஓராண்டாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாங்களே ஓசூர் போகிறோம். அங்கே அவர் தம் அடுக்ககத்திலிருந்தே மூன்று பேரைப் பிடித்துவிட்டார். அவர்களுள் ஒருவர் மேலே சொன்ன வேதியியல் ஆசிரியர். அவருக்கு இவ்வட்டாரச் சொல் ஒன்றும் தெரியாது. அதுவே அவருடைய தகுதி. எங்களுக்குப் பழகிப்போன சொல்லை அவர்தான் ‘அப்படியென்றால் என்ன?’ என்று நிறுத்திக் கேட்கிறார்.

கண் மங்கியவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். ஆங்கில ஆசிரியர் கேட்டு எழுதுகிறார். செலவு என்று பார்த்தால் தேநீரும் பேருந்துக் கட்டணமும்தான். இறந்துபோனால் அவரவர் தாள்கள் யாரிடம் சேர வேண்டும் என்பதை வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இதை மட்டும் முதல் கூட்டத்திலேயே, விவாதம் இல்லாமல், ஏழு பேரும் செய்தோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் பங்கு என்று முன்னர்ச் சொன்னேன். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரை என நான்கு திசையிலிருந்தும் வருகிறவர்கள் நீங்கள். எங்கள் கால்கள் போக முடியாத ஊர்களில் உங்கள் பாட்டிமார் இருக்கிறார்கள். கல்லூரி நூலகத்தில் ஐந்தாவது குறிப்பேட்டை வைக்க இசைவு கேட்டிருக்கிறோம். கிடைத்ததும் வாசல் மேசையில் இருக்கும். கேட்ட சொல்லை எழுதுங்கள். சொன்னவரின் ஊரையும் வீட்டு மொழியையும் மறக்காமல் எழுதுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத சொல்லை எங்கள் உதவியாளர் சேர்க்க விடமாட்டார். பேராசிரியர் எழுதியதையே இரண்டு முறை அடித்திருக்கிறார்.